மலையேறிய உப்புக்கண்டம்

டிஸ்கி: இது அசைவப் பதிவு. சைவர்கள் இங்கேயே ஜூட் விட்டுக்கொள்ளலாம். அடுத்தது வத்தக்குழம்புதான், சத்தியமாக :-)

டேராடூனுக்கு மாற்றலாகி வந்து மூன்றாவது வருஷம் ஓடுகிறது. இந்த ஊரில் குடியிருந்துகொண்டு மலை ஏறாமல் தப்பிக்க முடியாது. நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம். மார்ச் மாத ஆணியெல்லாம் பிடுங்கி முடித்து மே மாதம் ஒரு தடவை, மழை ஓய்ந்து அக்டோபரில் ஒரு தடவை, பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிவிடுவோம்.

நடையை விட சாப்பாடுதான் பெரிய பிரச்சினை. மலையில் கிடைப்பது மேகி, ராஜ்மா, உருளைக்கிழங்கு. கொண்டுபோகிற புளியோதரைக்கு ஆயுசு ஒரு நாள். முறுக்கு பையில் அடிபட்டு மாவாகிவிடும். கனமில்லாமல், கெடாமல், அடுப்பு மூட்டாமல், நடந்துகொண்டே மெல்ல உப்பும் உறைப்புமாக ஏதாவது வேண்டும். வெள்ளைக்காரர்கள் இதற்கு ஜெர்க்கி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மெல்லிசாக நறுக்கி உப்புப் போட்டுக் காயவைத்த இறைச்சி. தென் அமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் 'சார்க்கி' என்று இருந்த சொல்தான் இப்படி ஆனதாம். அதைப் படித்ததும் தங்கமணி கேட்டார்: "இது நம்ம உப்புக்கண்டம்தானே?"

அதேதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

கொஞ்சமாகக் கொசுவத்தி சுற்றிவிடுகிறேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில்தான் உப்புக்கண்டம் போடுவார்கள். வெள்ளாட்டுக் கறியை நீளவாக்கில் கீறி, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி, கோணி ஊசியால் சணலில் கோத்து மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிடுவார் அம்மா. காக்கா விரட்டுவது என் வேலை. நாலைந்து நாளில் கல்லாகிவிடும். ஜாடியில் போட்டு வைத்து, வேண்டும்போது எடுத்து எண்ணெயில் பொரிப்போம், அல்லது குழம்பில் போடுவோம்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். உப்புக்கண்டத்தை யாரும் அப்படியே எடுத்துத் தின்பதில்லை. காய்ந்த கறியில் தப்பிப் பிழைத்த கிருமி எதுவானாலும் கொதிக்கிற எண்ணெயில் ஒழிந்துவிடும். மலையில் நான் அதைப் பையிலிருந்து எடுத்து நேரே பையன் வாயில் போடுகிறேன். எண்ணெய்ச்சட்டி என்கிற காவல்காரன் அங்கே கிடையாது. சித்திரை வெயிலும் டேராடூனில் கிடையாது. அக்டோபர் வெயில் சாதுவானது, சாயங்காலமே பனி இறங்கிவிடும்.

நாங்கள் போன ஹர் கி துன் பள்ளத்தாக்கு சுமார் 3,500 மீட்டர் உயரம். நடை தொடங்கும் சாங்க்ரி கிராமமே டேராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர், பூராவும் மலைச்சாலை. அங்கிருந்து இரண்டு நாள் நடந்துபோன இடத்தில் பன்னிரண்டு வயசுப் பையனுக்கு வாந்தி பேதி வந்தால் என்ன செய்வது?

ஆகவே, கடைசியில் வருகிற சூட்டை முதலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்வதும் இதுதான்: உலர்த்துவதற்கு முன்பே இறைச்சி 71 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டுவிட வேண்டும். காரணம் சுவாரசியமானது. ஈரக் கறியைச் சூடான காற்றில் வைத்தால், ஈரம் ஆவியாகும்வரை கறி குளிர்ச்சியாகவே இருக்கும், நம் மண்பானைத் தண்ணீர் மாதிரி. அதற்குள் கிருமியும் கறியோடு சேர்ந்து காய்ந்துவிடும். காய்ந்த கிருமி சூட்டை நன்றாகத் தாங்கும். அதனால் ஈரம் இருக்கும்போதே ஆவியில் கொன்றுவிட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது தூங்கும், அவ்வளவுதான்.

ஆவிக்கு நம் வீட்டில் என்ன பஞ்சம்? இட்லிப் பானை இருக்கிறதே!

செய்முறை: எலும்பில்லாத ஆட்டுத் தொடைக்கறி 1 கிலோ. கண்ணில் படுகிற கொழுப்பையெல்லாம் சீவி எறியுங்கள். கொழுப்பு காயாது, சிக்கு வாடை அடித்துவிடும். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து அரைகுறையாக இறுகியதும் அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டினால் பிள்ளைகளுக்கு மெல்லச் சுலபம். உப்பு 25 கிராம், மிளகாய்த்தூள் 2 ஸ்பூன், மிளகு 1 ஸ்பூன், மஞ்சள், பூண்டு விழுது, வினிகர் 3 ஸ்பூன். எண்ணெய் ஒரு சொட்டுக் கூடாது. பிசறி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில்.

மறுநாள் இட்லித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி 10 நிமிடம் அவியுங்கள். இருப்பதிலேயே தடிமனான துண்டில் சமையல் தெர்மாமீட்டரைக் குத்தி 71 தாண்டிவிட்டதா என்று பாருங்கள். பச்சைக் கறி வைத்த தட்டைக் கழுவாமல் மறுபடி தொடாதீர்கள். பிறகு ஈரம் ஒற்றி, டீஹைட்ரேட்டரில் 60-65 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம். ஆறிய துண்டை வளைத்தால் விரிசல் விட வேண்டும், இரண்டாக ஒடியக்கூடாது. அதுதான் பதம்.

1 கிலோ போட்டால் 350 கிராம் போலத்தான் தேறும். பி.காம். படித்தவர்களுக்கு ப்ராசஸ் காஸ்டிங் ஞாபகம் வரும். போன 650 கிராமில் பெரும்பங்கு தண்ணீர், அது நார்மல் லாஸ். டீஹைட்ரேட்டரிலிருந்து தட்டோடு எங்கள் வீட்டு வாண்டுகள் லவட்டுவது அப்நார்மல் லாஸ். கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும் :-)

சேமிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். பாட்டிலின் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் கோத்தால் மறுபடி உலர்த்த வேண்டும். ஈரம் என்பது வாராக்கடன் மாதிரி, ஒரு துண்டில் தங்கினால் மொத்த பாட்டிலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாக, ஆளுக்கு 30 கிராம் கணக்கில், காற்றைப் பிதுக்கி ஜிப் கவரில் அடையுங்கள். தேதி எழுதுங்கள். வீட்டில் செய்தது வெளியில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர். மேலே வெள்ளையாகப் பொடி பூத்தால் அது உப்பாக இருக்கலாம். பஞ்சு மாதிரி படர்ந்தாலோ, வாடை மாறினாலோ பொட்டலத்தோடு தூக்கி எறியுங்கள். கறி விலையை நினைத்துக் கை நடுங்கக்கூடாது.

மலையில் மூன்று விஷயம். உப்பு அதிகம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ரத்த அழுத்தக்காரர்கள் அளவாக. ஜாக்கெட் பையில் வைத்தால் உடம்புச் சூட்டில் வியர்த்துவிடும், முதுகுப் பையில் வையுங்கள். கேதார்நாத், பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி வழிகளில் இதைக் கொண்டுபோகாதீர்கள். மற்ற ஊர்களிலும் தங்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிரியுங்கள். அது அவர்கள் வீடு.

எங்கள் கிளைக் காவலாளி நேபாளி, முன்னாள் ராணுவக்காரர். ஒரு துண்டு கொடுத்தேன். மென்றுகொண்டே, "சாப், இது எங்க சுகுட்டி" என்றார். அவர் வீட்டில் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்களாம். அப்படியே தின்பீர்களா என்று கேட்டேன். "வறுத்துத்தான்" என்றார். ஆக, அங்கேயும் அதே காவல்காரன்.

அம்மாவுக்குப் போனில் சொன்னபோது சிரித்துவிட்டார். "அவிச்சுக் காயவெச்சா அது உப்புக்கண்டமாடா? கறி வத்தல்." எங்கள் வீட்டில் இப்போது அதற்கு அதுதான் பெயர். ஜெர்க்கி என்றால் பையனுக்கே சிரிப்பு வருகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறுவதில்லை. 2019 சித்திரையில் போட்டதுதான் ஊரில் கடைசி உப்புக்கண்டம். கொடிக்கயிறு மட்டும் இன்னும் கட்டியிருக்கிறது. இந்தப் பொங்கலுக்குப் போனபோது நாலு பொட்டலம் கொண்டுபோனேன். அப்படியே சாப்பிடலாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், நல்லெண்ணெயில் பொரித்துச் சோற்றோடு வைத்துக்கொண்டார். நானும் பையனும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு காணாது" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "அடுத்த தடவை நீ போடு, நான் அளவு சொல்றேன்" என்றார்.

மே மாத நடைக்கு பையன்தான் போடப்போகிறான். கத்தி மட்டும் என் கையில். உங்கள் ஊர்ப் பக்குவம் வேறாக இருந்தால் எழுதுங்கள், அவனிடம் காட்டுகிறேன்.