ஆரஞ்சு விளக்கு

நாற்பத்து நான்கு வயதில் என் பெயரில் கடன் போட்டு ஒரு கார் வாங்கினேன். 2018 மாடல் பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்ட். கோவையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் நான் தமிழ் சொல்லித்தரும் பள்ளிக்கு அதில்தான் தினமும் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அதில்தான். என் கணவருக்கு கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசையும் இல்லை.

அண்ணன் மகனுக்குக் கார் பைத்தியம். செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிற ஊரில் அது அதிசயமில்லை. "அத்தை, ரெண்டு நாளைக்கு வண்டி குடுங்க" என்று வாங்கிப் போனான். திங்கட்கிழமை காலை திரும்பி வந்த வண்டிக்குக் குரல் உடைந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு 'ஃப்ரீ ஃப்ளோ' சைலன்சர் மாட்டியிருந்தான். எனக்குப் பிறந்தநாள் பரிசாம். "கெத்தா இருக்குதில்லீங்க அத்தை?" அன்பாகத்தான் செய்தான். என்னைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. அன்று எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

நான்காம் நாள் டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. என்ஜின் படம் போட்டது. வழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். ஸ்கேனரைச் செருகி எதையோ அழித்தார். 300 ரூபாய். மூன்று நாளில் விளக்கு மறுபடி வந்தது. மறுபடி போனேன். "சென்சார் வீக்குங்க மேடம். வண்டி நல்லாத்தானே ஓடுது? லைட்டு தொந்தரவா இருந்தா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்." நான் இன்னும் ஏதோ கேட்க, "சாரை ஒருக்கா வரச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்" என்றார். அந்த சாருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது.

வண்டிக்குள் இருந்த கையேட்டை அன்று இரவுதான் முதல்முறையாகப் பிரித்தேன். விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் என்ஜினில் எரிதல் தவறுகிறது, உடனே நிறுத்த வேண்டும். விடாமல் எரிந்தால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் பார்க்க வேண்டும். எனக்கு எரிந்தது இரண்டாவது வகை. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி போனில் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வாங்கிச் செருகினேன். வந்த எண்: பி 0420.

அந்த எண்ணைப் படித்துச் சொன்னவர் எங்கள் பள்ளி வேதியியல் டீச்சர். "வினையூக்கி வேலை செய்யலைன்னு சொல்லுது. நாம பாடத்துல நடத்தறதுதான்." புகைக்குழாயின் நடுவில் தேன்கூடு மாதிரி ஒரு பாகம் இருக்கும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். என்ஜின் கக்குகிற கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அது கார்பன் டை ஆக்சைடாக, தண்ணீராக, நைட்ரஜனாக மாற்றிவிடும். அதற்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஏறி இறங்கும். பின் சென்சாரின் கோடு ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும்; நடுவில் இருப்பது வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

என் போனில் இரண்டு கோடுகளும் ஜோடி போட்டுக்கொண்டு ஆடின. சென்சாரில் கோளாறு இல்லை. அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மருமகனைக் கூப்பிட்டேன். "கேட்டலிடிக் கன்வர்ட்டர் எங்கடா?"

திகைத்துப் போனான். "அது வண்டிக்கு மூச்சு அடைக்குமுங்க அத்தை, எடுத்துட்டோம். லைட்டுதானே? ஒரு ஸ்பேசர் போட்டா போயிடும்." பின் சென்சாரைக் குழாயிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கும் துண்டு அது. புகை அதன்மேல் சரியாகப் படாது. எல்லாம் நலம் என்று சென்சார் சொல்லத் தொடங்கிவிடும். மெக்கானிக் அழித்தார், ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார், இவன் ஸ்பேசர் போடச் சொல்கிறான். மூன்று யோசனையும் விளக்கின் வாயை அடைக்கத்தான். குழாயைப் பார்க்க ஒருவரும் குனியவில்லை.

அந்தக் கடைக்கு நானே போனேன். "கம்பெனியில இருந்து வந்த பாகத்தை இப்படி மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தப்பு. ஆர்.சி. என் பேர்ல இருக்கு. பழசைத் திருப்பி மாட்டுங்க." தம்பி வந்தால் பேசிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். போனில் இரண்டு கோடுகளையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்கட்டிலிருந்து என் கன்வர்ட்டரை எடுத்துவரச் சொன்னார். உள்ளே இருக்கும் உலோகத்துக்காகப் பழைய விலைக்குப் போக வேண்டியது, நல்லவேளை போகாமல் இருந்தது.

வண்டியை மேலே தூக்கியபோது அடியில் நின்று நானும் பார்த்தேன். புதுக் குழாயின் இணைப்பில் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. சுற்றிலும் கரி படிந்திருந்தது. அங்கிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது, பின்சீட்டுக்கு நேர் கீழே.

பின்சீட்டில் உட்காருவது அம்மா. போன முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "தலை கிர்ருங்குது கண்ணு, கண்ணாடியை இறக்கிவிடு" என்றாள். நான் சாலையைப் பார்த்தபடியே, "பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன். ஏ.சி. ஓடுகிறது என்று கண்ணாடியையும் இறக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று உடம்புதான் சொல்லும். அன்று அவளுக்கு வந்தது அதனால்தானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மெக்கானிக் எனக்குச் சொன்ன பதிலைத்தான் நான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்: சென்சார் வீக். வயசாச்சு, அதுதான்.

ஒரு பெண் 'ஏதோ சரியில்லை' என்றால் முதலில் அவளைச் சோதிப்பது ஆண்களின் பழக்கம் என்று வகுப்பிலும் வெளியிலும் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அதே பழக்கம் என் கையில் ஸ்டியரிங் இருந்தபோது எனக்கும் வந்திருக்கிறது.

பழைய குழாய், புது கேஸ்கெட். எண்ணை அழித்துவிட்டு ஒரு வாரம் பொள்ளாச்சிக்கு ஓட்டினேன். விளக்கு வரவில்லை. பின் சென்சாரின் கோடு தொட்டில் குழந்தை மாதிரி அமைதியாகக் கிடந்தது. மருமகன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். பிறகு ஒருநாள் வந்து, அந்தக் கருவியை எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். அடுத்த முறை வண்டி கேட்டபோது, "எதையும் மாத்த மாட்டேனுங்க அத்தை" என்று அவனாகவே சொன்னான்.

போன மாதம் சுங்கம் தாண்டும்போது அம்மா பின்னாலிருந்து, "என்னமோ வாடை வருது கண்ணு" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். இறங்கிப் போய் அவள் பக்கக் கதவைத் திறந்து, "எங்கிருந்தும்மா வருது?" என்று கேட்டேன்.