வாங்குவதா? பொருத்துவதா?

2025ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், ஒரு வழக்கைத் தீர்த்து வைக்கும் பொருட்டு நாம் சிங்கப்பூர் செல்ல நேர்ந்தது. வழக்காடியோர் நம் தங்கையும் அவள் மகனுமாவர். வழக்குப் பொருள் ஒரு விளையாட்டுக் கணினி.

கணவரை இழந்த தங்கை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உழைத்து ஈராண்டுகளாக 1,500 வெள்ளி சேர்த்திருந்தாள். தேர்வு முடிந்ததும் அதனை மகனுக்குத் தருவதாக வாக்கு. "கடையில் முழுதாய் விற்பதை வாங்கு" என்பது தாயின் கட்சி. "உறுப்புகளை வாங்கி நானே பொருத்துவேன்" என்பது பதினாறு வயது மகனின் கட்சி.

உண்மையைக் கூறிவிடுகிறோம். 170ஆம் எண் பேருந்து ஜொகூர்ப் பாலத்தைக் கடக்கும்போதே நாம் தாயின் பக்கம் தீர்ப்பெழுதிவிட்டோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டப் பள்ளிக்குச் சிறு கடை ஒன்றில் பொருத்தி வாங்கிய கணினி, எட்டே மாதத்தில் புகைந்து போயிற்று. மலிவான பவர் சப்ளை, தான் கெட்டதோடு நில்லாமல் தாய்ப்பலகையையும் உடன் அழைத்துச் சென்றது. பெற்றோர் தந்த பணம் அது. அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பஃப்ளோ சாலை வீட்டிலிருந்து சிம் லிம் சதுக்கத்திற்கு மூவரும் நடந்தே சென்றோம். மாடிக்கு மாடி கணினிக் கடைகள். ஒரு கடையில் ஆயத்தக் கணினி ஒன்று 1,499 வெள்ளிக்கு இருந்தது. கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்குகளும் கண்டு தங்கை மகிழ்ந்தாள். மருமகனோ விற்பனையாளரிடம், "பவர் சப்ளை எந்த நிறுவனத்தது?" என்று வினவினான். "550 வாட்" என்பதே விடை. மீண்டும் கேட்டான், மீண்டும் அதே விடை. நமக்குப் பழைய புகை வாசனை நினைவுக்கு வந்தது.

ஆயினும் அவன் வழியும் எளிதாயில்லை. செப்டம்பரில் அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய விலைகளுள் நினைவகத்தின் விலை இரு மடங்கிற்கும் மேல் ஏறியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கே நினைவகச் சில்லுகள் பெருமளவு சென்றமையே காரணம். மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த 'குரூசியல்' வணிகத்தையே கைவிடப் போவதாக அந்த டிசம்பரில்தான் அறிவித்திருந்தது. 2021இல் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு நேர்ந்த தட்டுப்பாடு இம்முறை நினைவகத்திற்கு வந்துற்றது. பையன் ஒன்றும் பேசாமல் 32 என்பதை அடித்து 16 என்று எழுதினான். "காலி இடம் இருக்கிற போர்டுதான் மாமா; பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்றான்.

தங்கை கேட்டாள்: "கெட்டுப்போனால் யாரிடம் போவது, அண்ணா?"

நாம் காணவேண்டியது விலையையன்று, இந்தக் கேள்வியைத்தான். ஆயத்தக் கணினிக்கு ஒரே ரசீது, ஒரே உத்தரவாதம். பொருத்தியதற்கோ உறுப்புக்கொரு உத்தரவாதம். ஆறு மாதத்திற்குள் பழுது வெளிப்பட்டால் வாங்குவோர் பக்கம் நிற்கும் 'லெமன்' சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் உண்டு. எனினும் எந்த உறுப்பு பழுதென்று நாமல்லவா கண்டறிய வேண்டும்? இதனை மருமகனிடமே கேட்டோம். கார்டைக் கழற்றிப் பார்ப்பது, நினைவகத்தை இடம் மாற்றிச் செருகுவது என்று வரிசையாகச் சொன்னான். சொல்ல இயலாதவர் ஆயத்தக் கணினியை வாங்குவதே அறிவுடைமை, அதில் இழுக்கில்லை. இவன் சொன்னான்.

ஒன்றை மட்டும் மறந்திருந்தான். விண்டோஸ் உரிமத்திற்குத் தொகை ஒதுக்கவில்லை. ஆயத்தக் கணினியின் விலையில் அதுவும் அடக்கம். அது நம் பங்காயிற்று.

அன்றிரவு உணவு மேசையில் பொருத்தி முடித்து விசையை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன, திரை இருண்டே கிடந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தங்கை நம் முகத்தைப் பார்த்தாள். நாம் சுவரைப் பார்த்தோம்.

"பொறுங்கள் மாமா. புது நினைவகம், முதல் தடவை போர்டு அதைப் பழக்கிக்கொள்ளும்" என்றான். அவன் குரலும் சற்றே நடுங்கிற்று.

மூன்றாம் நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது. தங்கை எழுந்து சென்று, ஏழு ரசீதுகளையும் எண்ணிப் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாள்.