அந்தக் கடைசி நாற்பதாயிரம்

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரயிலில் போக வேண்டுமென்றால், சென்னைப் பக்கம் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாற வேண்டும். பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாக பைக்கில் போனால் 50 கிலோமீட்டருக்குக் குறையாது. வீட்டு இன்டீரியர் வேலையை நம்பிப் பிழைக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு இந்த 50 கிலோமீட்டர் சாதாரண தூரம் இல்லை. லாபம் நிற்பதும் ஓடுவதும் பல நேரம் அந்தச் சாலையில்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டை என்று வேலைக்கு வந்தவர்களில் பலர் இங்கேயே மனை வாங்கி வீடு கட்டுகிறார்கள். குடும்பத்தில் முதல் சொந்த வீடாக இருக்கும். வீட்டுக்கடன், சுவர் எழும்பி டைல்ஸ் போடுவதற்குள் தீர்ந்துவிடும். கிச்சன் கபோர்டு, இரண்டு வார்ட்ரோப், லாஃப்ட், டிவி யூனிட், பூஜை அலமாரி எல்லாவற்றுக்கும் தனியாகப் பணம் புரட்ட வேண்டும். பி.எஃப். அட்வான்ஸ், நகைக்கடன், எடுத்த சீட்டு என்று வரும் பணம் அது. ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் ஒரு வளையலோ சங்கிலியோ இருக்கிறது.

இந்தப் பணத்தை அட்வான்ஸாக வாங்குபவரும் பெரிய முதலாளி இல்லை. பத்து வருடம் ஆசாரி வேலை பார்த்துவிட்டு சொந்தமாக இறங்கியவராக இருப்பார். அல்லது கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து வெளியே வந்தவராக இருப்பார். அவர் அளவெடுத்து, படம் போட்டு, ஆள் வைத்து வேலை வாங்குவார். வீட்டம்மா கணக்கெழுதி, மைக்கா கலர் காட்டி, போன் பேசுவார். வாடகைக்கு ஒரு சின்ன கடை, சுவர் முழுக்க மைக்கா சாம்பிள், இரண்டு மூன்று ஆசாரிகள். அவ்வளவுதான் நிறுவனம்.

வெளியிலிருந்து பார்த்தால் நல்ல வருமானம் போலத் தெரியும். “நாலு லட்சம் வாங்குறாரே” என்று தெருவில் பேசுவார்கள். அந்த நாலு லட்சம் எங்கே போகிறது என்று ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

வேலையின் மொத்த மதிப்பு 4,00,000 ரூபாய். அட்வான்ஸ் பாதி, அதாவது 2,00,000. சரக்கு வீட்டில் இறங்கியதும் 1,60,000. வேலை முடிந்து ஒப்படைத்த பிறகு மீதி 40,000. செலவு? பிளைவுட், மைக்கா, கீல், சேனல் எல்லாம் சேர்த்து 2,30,000. ஆசாரி கூலி 90,000. கட்டிங், எட்ஜ் பேண்டிங், வண்டி வாடகை 30,000. ஆக 3,50,000. வரியைக் கணக்கில் சேர்க்காமலே, லாபம் 50,000.

இந்த வேலைக்கு ஒன்றரை மாதம் ஆகிறது. கடை வாடகை, பெட்ரோல், வீட்டுச் செலவு எல்லாம் மாதம் 30,000 என்று வைத்தால் ஒன்றரை மாதத்துக்கு 45,000. கடைசி 40,000 வந்துவிட்டால் 5,000 ரூபாய் மிச்சம். வராவிட்டால் 35,000 துண்டு விழுகிறது. அந்த 40,000-ல்தான் தொழிலே நிற்கிறது.

அது ஏன் வருவதில்லை? வாடிக்கையாளர் ஏமாற்றுக்காரர் என்பதால் அல்ல. ஒப்படைத்த பத்தாம் நாள் போன் வரும். “தம்பி, சிங்க்குக்குக் கீழே கதவு சரியா மூடல. ஒரு டிராயர் இழுக்குது. வந்து பார்த்துட்டு மீதியை வாங்கிக்கோங்க.” இவரும், “சரிங்கண்ணா, இந்த வாரம் வந்துடறேன்” என்பார். ஆனால் அதற்குள் ஆசாரிகள் அடுத்த சைட்டில் இருப்பார்கள். ஒரு கீலைத் திருக போக வர 100 கிலோமீட்டர், அரை நாள் கூலி. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போகும். அங்கே பணத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்குக் கோபம் ஏறும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், “அந்த வேலைக்கு வேற ஆளை வச்சுப் பார்த்துக்கிட்டோம்” என்று பதில் வரும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. போவது என்னவோ 40,000.

இங்கேதான் ஆபத்தான பழக்கம் தொடங்குகிறது. துண்டு விழுந்த 35,000-ஐ அடுத்த வீட்டு அட்வான்ஸிலிருந்து எடுப்பது. முதல் தடவை ஒன்றும் ஆகாது. இரண்டாவது தடவையும் ஆகாது. ஐந்து வீடு முடியும்போது பள்ளம் 1,75,000 ஆகியிருக்கும். ஆறாவது வீட்டுக்காரர் 2,00,000 கொடுக்கும்போது அவர் வீட்டுக்கு பிளைவுட் வாங்க உண்மையில் கையில் இருப்பது 25,000 மட்டுமே. புது வேலை வந்துகொண்டே இருக்கும்வரை இது வெளியே தெரியாது. ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள்; விசாரிப்பு குறைந்துவிடும். அப்போதுதான் தெரியும். வாங்கிய பணத்துக்குச் சரக்கு இறக்க முடியாமல், போனை எடுக்கப் பயந்து, கடைசியில் மனைவியின் நகை அடகுக்குப் போகும். வாடிக்கையாளர் வீட்டு நகையும் அடகில், இவர் வீட்டு நகையும் அடகில். நடுவில் பாதி முடிந்த ஒரு சமையலறை.

இந்தத் தொழிலில் நிலைக்க வேண்டுமென்றால் கணக்கு வைக்கும் முறைதான் முதலில் மாற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நோட்டு. முடிந்தால் வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு. அதிலிருந்து தனக்கு மாதச் சம்பளம் இவ்வளவு என்று எடுப்பதைத் தவிர கை வைக்கக் கூடாது. கிச்சன் முடிந்தால் கிச்சனுக்கான பணம், வார்ட்ரோப் முடிந்தால் அதற்கான பணம் என்று பிரித்து வாங்கினால் கடைசியில் நிற்கும் தொகை 40,000-லிருந்து பத்து, பதினைந்தாயிரமாகக் குறையும்.

ஒப்படைக்கும் நாளில் ஆசாரியை அனுப்பிவிட்டு சாவி கொடுக்கக் கூடாது. ஆசாரி இருக்கும்போதே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொரு கதவையும் டிராயரையும் திறந்து மூடச் சொல்ல வேண்டும். குறைகளைத் தாளில் எழுதி அன்றே சரிசெய்தால், அந்த 100 கிலோமீட்டர் மிச்சம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வந்து பார்ப்போம் என்று சொல்லி, அதற்கான செலவையும் விலையிலேயே சேர்த்துவிடலாம். ஈரத்தில் கதவு உப்புவதும் கீல் தளர்வதும் இந்தப் பக்கம் சகஜம். பழவேற்காட்டை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றுக்கு மட்டமான கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. விலை குறைவு என்று வந்தால் பலகையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோக பிளைவுட். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது தர விதி. சிங்க்குக்குக் கீழே எது, பெட்ரூமில் எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போன வாரம் முடித்த வீட்டை விட, இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வேலை நடந்த அளவுக்கு மேல் பணம் கொடுக்க வேண்டாம். நடந்துவிட்ட வேலைக்கான பணத்தை ஒரு கீலுக்காக முழுதாக நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

மெஷின் வாங்க வேண்டும், கடையைப் பெரிதாக்க வேண்டும் என்றால் அதற்கு அட்வான்ஸ் பணம் வழியல்ல. 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மர வேலை செய்பவர்களும் வருகிறார்கள். 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

ஆடி பிறப்பதற்கு முன் ஒருநாள் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இரண்டு எண்களை எழுதிப் பார்க்க வேண்டும். இன்று கையில் இருக்கும் பணம் எவ்வளவு? ஏற்கெனவே பணம் வாங்கிய வீடுகளில் மீதி வேலைக்கு ஆகும் செலவு எவ்வளவு? இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் புது அட்வான்ஸ் வாங்கும் அவசரம் வேண்டாம். காலையில் வண்டியை எடுத்து, சரியாக மூடாத அந்தப் பழைய கதவைப் பார்க்கப் போவதுதான் முதல் வேலை.