ஏழாண்டும் ஒரு கையொப்பமும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு மலராசிரியர் பணித்தபோது, விடுதி நாட்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் விடுத்து ஒரு றொக் இசைக் குழுவின் படத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்வார்களாக.

சென்ற மாரியில் ரொறன்ரோ நகரிலே மகன் வீட்டில் தங்கியிருந்தோம். பேரன் கிற்றார் பயில்பவன். ஒரு மாலை, “அப்பப்பா, இது பாட்டுப் படமில்லை, வழக்குப் படம். உங்களுக்குப் பிடிக்கும்” என்று கூறி எம்மைத் தன்னருகே இருத்தினான். படத்தின் பெயர் ‘ஆர்ட்டிபக்ட்’. 2012ஆம் ஆண்டு அதே ரொறன்ரோவின் திரைப்பட விழாவில் முதன்முறை காட்டப்பட்டு, விவரணப் படங்களுள் பார்வையாளர் விருதைப் பெற்றது. ‘தேட்டி செக்கன்ஸ் ரு மார்ஸ்’ என்னும் அமெரிக்கக் குழுவின் வரலாறு அது. குழுவின் முதன்மைப் பாடகர் ஜரெட் லெற்றோ ஒரு ஹொலிவூட் நடிகர். பின்னாளில், 2014இல், ஒஸ்கார் விருதும் பெற்றவர். ட்றம் அடிப்பவர் அவருடைய தமையன் ஷனன். படத்தை நெறிப்படுத்தியவரும் ஜரெட்டே. ஆயினும் பெயரை மறைத்துப் புனைபெயர் ஒன்றைச் சூடிக்கொண்டார்.

நடிகர் ஒருவரின் இசைக் குழு என்றதும், செல்வமும் ஓய்வும் மிகுந்தவரின் பொழுதுபோக்கு என்றே எண்ணினோம். மேடைக் காட்சிகளில் திரண்ட இளைஞர் கைகளை உயர்த்தி ஆரவாரித்தபோது, உண்மையைக் கூறின், எமது செவி நொந்தது. அடுத்து வந்த காட்சியில் அந்தப் பாடகர் தம் வீட்டில் கணக்குத் தாள்களை நோக்கியவாறு வாடிய முகத்துடன் இருந்தார். அங்கேதான் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

இக்குழு 1990களின் இறுதியில் ஈ. எம். ஐ. கம்பனியைச் சேர்ந்த ‘வேர்ஜின்’ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. (எம் தந்தையார் காலத்து வீடுகளில் கிராமபோன் முன் நாய் அமர்ந்திருக்கும் இசைத்தட்டுகளைக் கண்டோர், அவற்றை வெளியிட்ட கம்பனியும் 1931இல் இதனுள் இணைந்ததே என அறிக.) இசைத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன, குழுவினரோ கம்பனிக்குக் கடனாளிகள். இது எவ்வாறு? கம்பனி முற்பணம் தருகிறது. ஒலிப்பதிவுச் செலவும் விளம்பரப் படச் செலவின் பெரும்பகுதியும் கலைஞர் பேரிலேயே எழுதப்படுகின்றன. அக்கடன் முழு வருவாயிலிருந்து கழிக்கப்படுவதில்லை. கலைஞருக்குரிய சிறு பங்கிலிருந்தே கழிக்கப்படுகிறது. ஆகவே கம்பனி இலாபம் காணும் அதே ஆண்டில் பாடியவன் கடன்காரனாயிருப்பது இயல்பு. கடன் தீர்ந்த பின்னரும் ஒலிப்பதிவு கம்பனிக்கே சொந்தம்! வட்டிக்கடைக்காரனும் கடன் தீர்ந்தால் நகையைத் திருப்பித் தருவான்.

2008இல் குழுவினர் விலக முற்பட்டனர். ஒருவரை ஏழாண்டுக்கு மேல் தொழில் ஒப்பந்தத்தாற் கட்டிவைத்தல் ஆகாது என்பது கலிபோணியாச் சட்டம். அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் வேறு யாருமல்லர். ‘கோன் வித் த விண்ட்’ படத்தில் மெலனியாக நடித்தவரும், எம்போன்றோர் இளமையிற் கண்டு வியந்தவருமான ஒலிவியா டி ஹவிலண்ட் அம்மையாரே. தாம் மறுத்த வேடங்களுக்காக இடைநிறுத்தப்பட்ட நாட்களையெல்லாம் கம்பனியார் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டியபோது அவர் வழக்குத் தொடுத்தார். ஏழாண்டு என்பது நாட்காட்டியின் ஏழாண்டே என 1944இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்த்தது. ஆயினும் 1987இல் இசைத்தட்டுக் கம்பனிகளுக்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது: விலகும் கலைஞர், கொடாத இசைத்தட்டுகளுக்கு நட்டம் செலுத்த நேரலாம். அவ்வழியே குழுவின்மீது கம்பனி கோரிய தொகை மூன்று கோடி டொலர்.

வழக்கு நடக்கையிலேயே குழுவினர் அடுத்த இசைத்தட்டை உருவாக்கினர். படத்தின் பெரும்பகுதி அவ்வுழைப்பே. 2009இல் இரு தரப்பாரும் இணங்கினர். குழு பழைய கம்பனியுடனேயே மீண்டும் கையொப்பமிட்டது. இசைத்தட்டும் அவ்வாண்டு டிசெம்பரில் அக்கம்பனி மூலமே வெளிவந்தது. படம் திரையிடப்பட்ட அதே மாதத்தில் ஈ. எம். ஐ. யின் இசைத்தட்டுப் பிரிவு வேறொரு கம்பனியின் கைக்கு மாறிற்று.

பேரனுக்கு இம்முடிவு பெரும் ஏமாற்றம். “சண்டை பிடித்துவிட்டுத் திரும்பவும் ஏன் போனார்கள்?” என்று சினந்தான். எமக்கு அது விளங்கிற்று. 1966இல், பத்தொன்பது வயதில், கொழும்பிலே ஒரு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தபோது நாமும் ஐந்தாண்டுப் பிணைமுறி எழுதிக் கொடுத்தோம். பிணையாளர் எம் தந்தையார். மூன்றாம் ஆண்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. விலகினால் செலுத்தவேண்டிய பணத்துக்குத் தந்தையார் காணியை ஈடுவைக்க நேர்ந்திருக்கும். நாம் விலகவில்லை. வந்த கடிதத்தையும் அவருக்குக் காட்டவில்லை. அவர் காலமாகும் வரையில் தம் மகன் விரும்பியே அத்தொழிலில் நின்றான் என்று நம்பியிருந்தார்.

இதனை நாம் முதன்முதலாக வாய்திறந்து கூறியது பேரனிடந்தான். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, “கையெழுத்து வைக்க முன்னம் வாசித்தீர்களா, அப்பப்பா?” என்றான். வாசிக்கவில்லை என்றோம். தந்தையாருக்கு ஆங்கிலம் தெரியாது. எம்மை நம்பிக் கையொப்பமிட்டார் என்பதையும் சொன்னோம்.

அவன் இப்போது நண்பர் இருவருடன் ஒரு குழு அமைத்திருக்கிறான். மண்டபத்தார் ஒருவர் கொடுத்த நான்கு பக்க ஒப்பந்தம் சென்ற வாரம் எமக்கு வந்து சேர்ந்தது. மூன்றாம் பக்கம் வரை வாசித்திருக்கின்றோம்.