ஆற்றின் இந்தக் கரை

கோலா தஹான் கிராமத்தில், தெம்பெலிங் ஆற்றின் இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கரையில் இருப்பதாக என் அமெச்சூர் வானொலியில் சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை. ஒரு மாலை முழுக்கச் சொன்னேன்.

அந்தக் கரையில்தான் தாமான் நெகாரா தொடங்குகிறது. பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களிலும் பரந்த காடு. 4,343 சதுர கிலோமீட்டர். எல்லை ஆறுதான். குழப்பத்துக்கு இடமே இல்லை.

2016இல் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவைக்கு நூறாண்டு நிறைந்தது. அதையொட்டி, அங்குள்ள அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஓராண்டு முழுக்கப் பூங்காக்களிலிருந்து மற்றவர்களோடு தொடர்பு கொண்டார்கள். அதன் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் நான் அன்று இறங்கிய ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’ என்ற இயக்கம். விதிகள் எளியவை. ஆளும் கருவியும் பூங்கா எல்லைக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளுக்குள் குறைந்தது 10 தொடர்புகள் வேண்டும். மறுமுனையில் பேசியவர் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. பூங்காவில் இருந்தவர் அனுப்பும் லாக்தான், அந்தத் தொடர்புகளின் பதிவேடுதான், இருவருக்கும் கணக்கு. யாரும் வந்து பார்ப்பதில்லை. நம்புகிறார்கள்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். வேலைக்கு வராத ஆளின் பேரைச் செக்ரோல் பதிவேட்டில் ஏற்றும் கிராணியை என் அப்பா எப்படித் திட்டுவார் என்று கேட்டு வளர்ந்தவன். அன்று அந்தக் கிராணியின் வேலையைத்தான் நான் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை. துணைக்குத் தங்கச்சி மகன் வந்திருந்தான். அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பியை மரத்தில் ஏற்ற வேண்டும். ஈரக் காட்டில், இருட்டும் நேரத்தில், அட்டைக்கடி பட்டுக்கொண்டு அதைச் செய்ய நான் தயாராக இல்லை. யானை நடமாட்டம் உண்டு என்று படகுக்காரர் சொன்னதும் என் கால் பின்வாங்கிவிட்டது. பையனிடம் மழையைக் காரணம் சொன்னேன். பயம் என்று சொல்லவில்லை.

தங்கும் விடுதியின் மரத்திலேயே கம்பியைக் கட்டினேன். வராந்தாவில் மின்சாரம் இருந்தது. லாக் எழுதப் பையனை உட்கார வைத்தேன். பூங்காவின் குறியீட்டை மேலே எழுதச் சொன்னேன்.

“மாமா, பார்க் அந்தப் பக்கம்தானே?” என்றான்.

“எழுதுடா” என்றேன்.

எழுதினான்.

அவசரம் என்றுகூட நான் சொல்லிக்கொள்ள முடியாது. நாள் கணக்கு உலகப் பொது நேரத்தில். நமக்குக் காலை 8 மணிக்குத்தான் தேதி மாறும். விடியற்காலையில் படகேறி அக்கரை போய், அங்கிருந்து நேர்மையாக அழைத்திருக்கலாம். ஆனால் ஊரில், புக்கிட் பெருவாங் தேத்தண்ணிக் கடையில், நண்பர்களிடம் அன்றிரவே அழைப்பேன் என்று பீற்றியிருந்தேன். அந்தப் பேச்சைக் காப்பாற்றுவது எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

ஜப்பான் கிடைத்தது. இந்தோனேசியா கிடைத்தது. பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெரியவர், இரைச்சலுக்குள் மெல்லிய குரலில் வந்தார். மலேசியக் காடு ஒன்று தன் கணக்கில் சேர வேண்டும் என்று வெகுநாளாகக் காத்திருந்தாராம். “ஐயா, காட்டுச் சத்தம் ஏதாவது கேட்குதுங்களா?” என்றார். எனக்குக் கேட்டது ஆற்றில் மிதக்கும் உணவகத்தின் பாட்டு. “நல்லாவே கேட்குதுங்க” என்றேன். பையன் தலை நிமிரவில்லை.

லாக்கை அனுப்பினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவர் பேசாத ஒரு காடு கணக்கில் சேர்ந்தது. அந்தப் பெரியவர் நன்றி சொல்லி எழுதினார். பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

பையன் தேர்வு எழுதவில்லை. காரணம் கேட்டேன். “படிக்க நேரம் இல்ல மாமா” என்றான். மரியாதைக்காகச் சொன்ன பொய் அது. லாக் என்பது சத்தியம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் பொய் எழுத அவன் கையைப் பிடித்து வைத்தவனும் நான். பெரியவருக்கு இன்னொரு காடு கிடைக்கலாம். பையனுக்கு நான் கெடுத்ததை எப்படித் திருப்பித் தருவதென்று எனக்குத் தெரியவில்லை.

வெகுநாள் கழித்து லாக்கை நீக்கச் சொல்லி எழுதினேன். அதில் இருந்த எல்லாருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். அதிலும் முழு உண்மை இல்லை. “இடத்தைத் தவறாகக் குறித்துவிட்டேன்” என்றுதான் எழுதினேன். படித்தவர்கள் பெருந்தன்மையாக, யாருக்கும் நடப்பதுதான் என்றார்கள்.

யாருக்கும் நடப்பதல்ல அது. இடம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுத வைத்தேன்.