வீரரின் கரம்

செஞ்சியில் வாழ்பவர்களுக்கு வீரன் என்ற சொல்லின் மீது தனிப்பற்று உண்டு. இராஜகிரியின் நிழலில் வளரும் பிள்ளை, எழுத்தறியும் முன்பே தேசிங்குராஜன் கதையைக் கேட்டுவிடுகிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மடிந்த அந்த இளைஞனை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணுகிறோம். வீரனிடம் குற்றம் காண எங்களுக்கு மனம் வருவதில்லை.

2022 மே மாதத்தில் ஒரு மாலை, கோட்டையடியில் கிரிக்கெட் ஆடிக் களைத்திருந்த எங்கள் பங்கு இளைஞன் ஒருவன் கேட்டான்: "சார், 33 ஆண்டுகள் கழித்துச் சித்துவைச் சிறைக்கு அனுப்புகிறார்களே, இது நியாயமா?" அவருடைய ஆட்டத்தை ரசித்தவன் நான். "பாவந்தான்" என்று சொல்லிவிட்டேன். இரவுச் செபத்தின்போது அச்சொல் நெஞ்சை உறுத்தியது. இறந்தவரை நினைத்து அதை நான் சொல்லவில்லையே!

1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலா சாலையில் எழுந்த வாய்ச்சண்டையில், 25 வயதான நவ்ஜோத் சிங் சித்து 65 வயது முதியவரைத் தலையில் கையால் அடித்தார், முதியவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் 1999இல் சித்துவை விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2006இல் மூன்றாண்டுச் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018இல், காயப்படுத்திய குற்றம் மட்டுமே எனக் கொண்டு 1000 ரூபாய் அபராதத்தோடு முடித்தது. இறந்தவரின் குடும்பத்தார் மறுஆய்வு கோரினர். 2022 மே 19 அன்று அதே நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது.

நீதிபதிகள் கூறிய காரணம் எண்ணத்தக்கது. குத்துச்சண்டை வீரர், மல்லர், கிரிக்கெட் வீரர் போன்ற உடல்வலிமை மிக்கவரின் வெறுங்கையும் ஆயுதமாகலாம். அந்த வலிமையை அவர் அறிந்திருக்க வேண்டும் என்றனர். நாம் கைதட்டிப் போற்றிய வலிமையே அவருடைய பொறுப்பைக் கூட்டியது. ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டு வென்ற மல்லர் சுஷில் குமார் மீதான கொலை வழக்கிலும், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவருடைய ஜாமீனை ரத்து செய்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பது வேறு. புகழ்பெற்றவரின் செல்வாக்கு சாட்சிகளைத் தொடக்கூடும் என்பதை நீதிபதிகள் கருத்தில் கொண்டனர்.

கோலியாத்தை வீழ்த்திய தாவீதும் மக்கள் கொண்டாடிய வீரரே. அவர் உரியாவைக் கொல்வித்தபோது, இறைவாக்கினர் நாத்தான் அரசரின் பெயரைச் சொல்லாமல், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். தாவீது சினந்து நேர்மையான தீர்ப்பை உடனே வழங்கினார். பெயர் தெரியாதபோது அவருக்கு நீதி தெளிவாகத் தெரிந்தது. எளியவர் என்று சலுகையோ, பெரியவர் என்று தயவோ காட்டலாகாது என லேவியர் நூல் கற்பிப்பதும் இதுவே.

அடுத்த ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் அந்த இளைஞனைத் தேடிச் சென்றேன். "தம்பி, அடித்தவர் பெயரை மறந்துவிட்டு, இறந்தவர் உன் தாத்தா என்று எண்ணிப் பார்" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை.

அந்த முதியவரின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது. அன்று மாலை அது எனக்குத் தெரியாது. இன்று என் இரவுச் செபத்தில் அப்பெயரும் உண்டு.