பர்கூரிலிருந்து பனிமலைக்கு

2016 பிப்ரவரி 3 அதிகாலை, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் சாவடி மீது பனிச்சுவர் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் குடிசாதனப்பள்ளி ராமமூர்த்தி. பல நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட தார்வாட் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-ல் இறந்துபோனார். அப்போது பர்கூர் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "பஞ்சு மாதிரி விழுறதுதானே, அது எப்படிப்பா ஆளைக் கொல்லும்?"

போன மார்ச்சில் மாந்தோப்புக்கார நண்பர்களோடு இமாச்சலம் போனபோதுதான் அதற்கு விடை கிடைத்தது. மணாலி தாண்டி 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை. 2020 அக்டோபரில் திறந்தது. அதற்கு முன் குளிர்காலத்தில் ரோதாங் கணவாய் மூடிவிட்டால், அந்தப் பக்கம் இருக்கும் லாஹௌல் மக்களுக்கு வெளியுலகமே கிடையாது. உருளைக்கிழங்கும் பட்டாணியும் போடுகிறவர்கள். மழை சொற்பம். பனி உருகி வாய்க்காலில் வந்தால்தான் வெள்ளாமை. நமக்கு ஏரி எப்படியோ, அவர்களுக்கு அந்த மலைச்சரிவு அப்படி.

நாங்கள் தங்கிய வீட்டு விவசாயி மண்வெட்டியால் பனியை நெட்டுக்கு வெட்டிக் காட்டினார். மேலே கெட்டியான அடுக்கு. அடியில் ஒட்டாத சர்க்கரைக் குருணை. கடுங்குளிரில் பழைய பனி அப்படி மாறிவிடுமாம். சாய்ந்த பாறைக் களத்தில் கேழ்வரகைக் கொட்டி, அதன் மேல் பலகை போட்டு ஏறி நின்று பாருங்கள், புரியும். ஓட்டுக்கூரையின் சாய்வும் அதைவிடக் கொஞ்சம் செங்குத்தும்தான், அதாவது 30 முதல் 45 டிகிரி வரைதான், ஆபத்து அதிகம். ரொம்பச் செங்குத்தான பாறையில் பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். நடக்கிற ஆளின் எடையே பலகையை நழுவ வைக்கும்.

ஓடும்போது புகை போலத் தெரிவது, நின்றதும் சிமென்ட் போல இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பிழைப்பவர் குறைவு. மூச்சுதான் முட்டிப்போகிறது. போலீஸ் வரும்வரை காத்திருக்க நேரமில்லை, கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து இப்போது பஸ் பஸ்ஸாகச் சுற்றுலா போகிறார்கள். பிள்ளைகள் பனியைக் கண்டதும் சரிவில் ஏறி ஓடுகின்றன. டிரைவரும் தடுப்பதில்லை. பெரும்பனி பெய்த மறுநாளும், வெயில் ஏறிய பிற்பகலும் சரிவு பக்கம் போகாதீர்கள். தேவதாருக் காட்டின் நடுவே தலையில் வகிடு எடுத்தது போல மரமில்லாத பட்டை தெரிந்தால், அது பனி இறங்கும் தடம். அதன் கீழே வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்க வேண்டாம். சண்டிகரிலுள்ள டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. தங்குமிடத்தில் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் பனி இளகும் நாளில் வாய்க்கால் தூர்வார மேலே போவாராம். விடியுமுன் கிளம்பி, வெயில் சரிவைத் தொடுவதற்குள் திரும்பிவிடுவார். வேலை பாதியில் நின்றாலும் சரி, மறுநாள்தான் மிச்சம்.